கிரேக்கம் என்னும் வாயில்: ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் யாருக்குத் திறந்தன?

1805இல் இங்கிலாந்தின் லார்டு சான்சலராக இருந்த எல்டன் பிரபு, நீதிமன்றத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் காண வேண்டியிருந்தது. லீட்ஸ் நகரில் பழைய அறக்கொடை ஒன்றால் நடந்துவந்த இலக்கணப் பள்ளியைப் பற்றியது வழக்கு. லீட்ஸ் அப்போது வளர்ந்துவந்த வணிக நகரம். அந்நகரத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றையும் அறக்கொடைப் பணத்திலிருந்து கற்பிக்கலாமா என்பதே கேள்வி. எல்டன் பிரபு சாமுவேல் ஜான்சனின் அகராதியைத் துணைக்கொண்டார். செம்மொழிகளை இலக்கண முறைப்படி கற்பிக்கும் இடமே இலக்கணப் பள்ளி என்று முடிவுகட்டினார். அறக்கொடை லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உரியது. அதை வேறு பாடங்களுக்குத் திருப்புவது கொடையாளியின் நோக்கத்துக்கு மாறானது என்பது அத்தீர்ப்பின் சாரம். 1840இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை இயற்றும்வரை அந்தக் கட்டு தளரவில்லை.

ஒரு சொல்லின் அகராதிப் பொருள் இவ்வாறு சட்டப் பொருளாக மாறியது சிறிய செய்தியன்று. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களுக்குள் யார் நுழையலாம் என்பதை அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்மானித்தவை இந்த இரண்டு மொழிகளே. குடும்பத்தின் செல்வம் நேரடியாகப் பல்கலைக்கழக இடமாக மாறுவதில்லை. இடையில் ஒரு பள்ளியும், அந்தப் பள்ளி மட்டுமே நன்றாகக் கற்பிக்கக்கூடிய ஓர் அறிவும் தேவைப்படுகின்றன. செல்வம் தகுதியாக உருமாறும் அந்த இடைவழியை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

தொடக்கத்தில் ஏற்பாடு வேறுவிதமாக இருந்தது. வின்செஸ்டர் ஆயர் வில்லியம் ஆஃப் விக்கம் 1379இல் ஆக்ஸ்ஃபோர்டில் நியூ கல்லூரியை நிறுவினார். 1382இல் அக்கல்லூரிக்கு மாணவர்களை அனுப்புவதற்காகவே வின்செஸ்டர் பள்ளியை நிறுவினார். பள்ளியில் எழுபது, கல்லூரியில் எழுபது என உதவி பெறும் மாணவர்களின் எண்ணிக்கை வகுக்கப்பட்டது. அவர்கள் வறியோராக இருத்தல் வேண்டும் என்று நிறுவன விதிகளே கூறின. ஆறாம் ஹென்றி இதே வடிவத்தைப் பின்பற்றி 1440இல் ஈட்டன் பள்ளியையும் 1441இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியையும் தோற்றுவித்தார். லாரன்ஸ் ஷெரிஃப் என்ற மளிகை வணிகர் 1567இல் விட்டுச்சென்ற கொடையால் ரக்பி பள்ளி எழுந்தது. ஜான் லயன் என்ற நிலக்கிழார் 1572இல் பெற்ற அரச பட்டயத்தால் ஹாரோ பள்ளி எழுந்தது. இவ்விரண்டும் தத்தம் ஊர்ப் பிள்ளைகளின் இலவசக் கல்வியை முன்னிட்டவை. பிற்காலத்தில் உலகமெங்கும் செல்வர் பள்ளிகளாக அறியப்பட்ட இந்நிறுவனங்கள் பிறப்பால் அறச்சாலைகள்.

இப்பள்ளிகள் கைமாறியது ஒரே நாளில் நிகழவில்லை. உதவி பெறும் மாணவர்களோடு கட்டணம் செலுத்தும் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள விதிகள் இடம் கொடுத்தன. ஆசிரியர்களின் வருவாய் கட்டண மாணவர்களிடமிருந்து வரத் தொடங்கியதும் அவர்கள் தொகை பெருகியது. ஊர்ப் பிள்ளைகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். தங்கள் பள்ளி தங்களிடமிருந்து பறிபோகிறது என்று ஹாரோ ஊரார் நீதிமன்றத்தை நாடினர். 1810இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. பணம் கொடுத்தால் நாட்டின் எப்பகுதியிலிருந்தும் சேரலாம் என்ற பொருளிலேயே இவை ‘பப்ளிக் ஸ்கூல்’ எனப் பெயர் பெற்றன. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் அதே சொல்லை இன்றும் காணும் இந்திய நகரவாசிக்கு இந்தப் பொருள் முரண் புதிதாக இராது.

பழைய முறையின் ஊழல்களை மறைக்க வேண்டியதில்லை. கிங்ஸ் கல்லூரியில் ஈட்டன் மாணவர் தவிர வேறெவரும் சேர இயலாது; சேர்ந்தவர்கள் பல்கலைக்கழகத் தேர்வு எழுதாமலே பட்டம் பெறும் உரிமையை 1851 வரை வைத்திருந்தனர். நியூ கல்லூரியில் நிறுவனரின் உறவினர் என்று வழிமுறை காட்டியவர்களுக்குத் தனியிடம் இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளுக்குக் கையொப்பமிடாதவர் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராகவே பதிய முடியாது. இவற்றையெல்லாம் கண்டு சீர்திருத்தவாதிகள் கொதித்ததில் வியப்பில்லை. 1850இல் அமைக்கப்பட்ட அரச ஆணையங்களும், 1854, 1856 ஆண்டுகளின் சட்டங்களும், 1871இன் சமயச் சோதனை ஒழிப்புச் சட்டமும் இக்கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தன. பிறந்த ஊர், உறவுமுறை, படித்த பள்ளி எனக் குறித்து வைக்கப்பட்டிருந்த உதவித்தொகைகளில் பல எல்லோருக்கும் பொதுவான போட்டித் தேர்வுக்குத் திறந்துவிடப்பட்டன. பிறப்பைக் கேளாதீர், அறிவைக் கேளுங்கள் என்பதே அக்காலத்தின் முழக்கம்.

எந்த அறிவைக் கேட்பது? திருப்பம் இந்த இடத்தில்தான் நேர்ந்தது. போட்டித் தேர்வு என்பது பெரும்பாலும் லத்தீன், கிரேக்கத் தேர்வாக இருந்தது. மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. ஆங்கிலக் கவிதைப் பகுதியொன்றை லத்தீன் யாப்பில் அமைத்துத் தரவேண்டும். அவ்யாப்பு அசைகளின் குறில் நெடில் அளவை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுவனின் செவிக்கு அந்த அளவு இயல்பாகப் பிடிபடாது. சொல் சொல்லாக மனப்பாடம் செய்தே அடைய வேண்டும். நாடாளுமன்றத்தில் லத்தீன் மேற்கோள் சொல்லும்போது குறிலை நெடிலாக ஒலித்தவர் நகைப்புக்கு ஆளானார். இத்தகைய பயிற்சிக்கு எட்டு வயதில் லத்தீனும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கிரேக்கமும் தொடங்க வேண்டும். அதற்கென்றே கட்டணத் தயாரிப்புப் பள்ளிகள் நாடெங்கும் பெருகின. 1892இல் அவற்றின் தலைமையாசிரியர்கள் தங்களுக்கெனச் சங்கம் அமைக்கும் அளவுக்கு அது ஒரு துறையாக வளர்ந்துவிட்டது.

ஈட்டனிலும் வின்செஸ்டரிலும் வறியோருக்கென வைக்கப்பட்ட இடங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் போட்டித் தேர்வுக்கு விடப்பட்டன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கிரேக்கச் செய்யுளைப் பிரித்துப் பொருள் சொல்லக்கூடிய சிறுவன் ஏழை வீட்டில் இருக்க முடியாது. ஆகவே வறியோருக்கான கொடை, சட்டப்படியும் நேர்மையாகவும், வசதி படைத்தோரிடம் சென்றது. முன்பு பரிந்துரையால் கிடைத்ததை இப்போது மதிப்பெண்ணால் பெற்றனர். வேறுபாடு ஒன்று உண்டு: பரிந்துரையால் பெற்றவன் அதைச் சலுகை என்று அறிந்திருந்தான், மதிப்பெண்ணால் பெற்றவன் அதைத் தன் தகுதி என்று நம்பினான்.

1861இல் அமைக்கப்பட்ட கிளாரெண்டன் ஆணையம் ஒன்பது பள்ளிகளை ஆராய்ந்து 1864இல் அறிக்கை தந்தது. அதன் வழிவந்த 1868ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு பள்ளிகளின் நிருவாகத்தைத் திருத்தியமைத்தது. நிதி மேலாண்மை சீரானது. பாடத்திட்டம் ஓரளவு விரிந்தது. அதே வேளையில் ஊர்ப் பிள்ளைகளின் பழைய உரிமைகள் அப்பள்ளிகளிலிருந்து வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டன. ஹாரோவில் 1876இலும் ரக்பியில் 1878இலும் உள்ளூர்ச் சிறுவர்களுக்கெனத் தனிப்பள்ளிகள் திறக்கப்பட்டன. அவற்றுக்குப் பழைய கொடையாளிகளின் பெயர்களே சூட்டப்பட்டன. கொடையாளியின் பெயர் சிறிய பள்ளிக்குச் சென்றது. பெரிய பள்ளி கட்டணம் செலுத்துவோரிடம் தங்கியது.

இதற்கிடையில் பல்கலைக்கழகங்களின் நுழைவாயிலில் இன்னொரு தடையும் நின்றது. ஆக்ஸ்ஃபோர்டில் ‘ரெஸ்பான்ஷன்ஸ்’, கேம்பிரிட்ஜில் ‘லிட்டில் கோ’ என்று வழங்கிய முதனிலைத் தேர்வுகளில் கணிதம் படிக்க வந்தவரும் வேதியியல் படிக்க வந்தவரும் கிரேக்கத்தில் தேறியாக வேண்டும். 1870இன் தொடக்கக் கல்விச் சட்டத்தால் உருவான பள்ளிகளில் கிரேக்கம் கிடையாது. 1902இன் சட்டத்துக்குப் பின் நகராட்சிகள் நடத்திய இடைநிலைப் பள்ளிகளில் லத்தீன் ஓரளவு இருந்தது, கிரேக்கம் அரிது. 1907 முதல் அரசு மானியம் பெற்ற இடைநிலைப் பள்ளிகளில் நான்கிலொரு பங்கு இடங்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டன. அவ்வழியில் மேலேறி வந்த தொழிலாளி வீட்டு மாணவன் இயற்பியலில் எவ்வளவு வல்லவனாயினும், தன் பள்ளியில் இல்லாத மொழியொன்றின் முன் நின்றுவிட நேர்ந்தது. கல் கொத்தும் இளைஞன் ஒருவன் தானாகவே லத்தீனும் கிரேக்கமும் கற்றுப் பல்கலைக்கழகக் கதவைத் தட்டி ஏமாறுவதைத் தாமஸ் ஹார்டி 1895இல் ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’ நாவலின் பொருளாக்கியது இந்தப் பின்னணியில்தான்.

கட்டாயக் கிரேக்கத்தை நீக்கும் முயற்சி கேம்பிரிட்ஜில் 1891இலும் 1905இலும் வாக்கெடுப்பில் தோற்றது. பட்டம் பெற்று வெளியேறிய முதுகலையாளர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்ததால், நாட்டுப்புறத் திருச்சபைகளில் பணியாற்றிய குருமார் ரயிலேறி வந்து எதிர்த்து வாக்களித்தனர். அவர்கள் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. கிரேக்கம் போனால் புதிய ஏற்பாட்டின் மூலமொழி போகும். சிந்தனையின் ஊற்று போகும். பல்கலைக்கழகம் தொழிற்பயிற்சிக் கூடமாகும் என்று அவர்கள் அஞ்சினர். ஆயினும் நடைமுறையில் அந்தத் தேர்வு எதைச் சோதித்தது என்பதையும் பார்க்க வேண்டும். குறிக்கப்பட்ட நற்செய்தி நூலொன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்து, கிரேக்கப் பத்தியின் முதற் சொற்களை அடையாளம் கண்டு, மீதியை ஒப்புவித்துத் தேறியவர் பலர். தேர்வு முடிந்த மறுநாளே அம்மொழியை மறந்தவர்களும் பலர். கிரேக்கப் புலமையைக் காக்கும் அரண் என்பதைவிட, கிரேக்கம் உள்ள பள்ளியில் பயின்றவர் என்பதற்கான சான்றாகவே அது பெரிதும் பயன்பட்டது.

பெண் கல்வி இயக்கம் இவ்விடத்தில் ஒரு கடினமான கேள்வியை எதிர்கொண்டது. சிறுமியர் பள்ளிகளில் கிரேக்கம் மிக அரிது. கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியை நிறுவிய எமிலி டேவிஸ், ஆண்கள் எழுதும் அதே தேர்வைக் கிரேக்கம் உட்படப் பெண்களும் எழுத வேண்டும் என்று உறுதியாக நின்றார். தளர்த்தப்பட்ட தேர்வில் தேறினால் பெண்ணின் அறிவும் தளர்ந்ததே எனச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். நியூனம் கல்லூரியின் ஆதரவாளரான மெய்யியலாளர் ஹென்றி சிட்ஜ்விக் கட்டாயக் கிரேக்கமே தவறு என்றார். தவறான வாயிலில் பெண்களையும் குனிந்து நுழையச் செய்வானேன் என்பது அவர் நிலைப்பாடு. வெளியே நிறுத்தப்பட்டோர், இருக்கும் அளவுகோலில் தம்மை நிரூபிப்பதா, அளவுகோலையே கேள்விக்குட்படுத்துவதா? இருவருமே பெண்களின் நண்பர்கள். இருவர் வாதத்திலும் உண்மை இருந்தது. ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் காலத்தில் இக்கேள்வியை மீண்டும் சந்தித்திருக்கின்றனர்.

இந்த அளவுகோல் இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. இந்தியக் குடிமைப் பணிக்குப் போட்டித் தேர்வை வகுத்த குழுவின் தலைவர் மெக்காலே. ஆக்ஸ்ஃபோர்டின் பென்ஜமின் ஜோவெட் அதில் உறுப்பினர். 1854இல் அக்குழு வரைந்த மதிப்பெண் பட்டியல் மொழி வரலாற்று மாணவர் எவரும் ஒருமுறை நின்று நோக்க வேண்டியது. மொத்தம் 6,875. கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. இந்தியாவை ஆளப் போகிறவருக்கான தேர்வில், இந்தியக் கல்வி மரபுக்குரிய இரு செம்மொழிகளும் சேர்ந்து கிரேக்கம் ஒன்றுக்கு ஈடாயின. இந்தியாவில் பேசப்பட்ட மொழி எதுவும் அப்பட்டியலில் இல்லை. பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆங்கிலேய இளைஞனை ஈர்ப்பதே குழுவின் வெளிப்படையான நோக்கம். பட்டியல் அந்நோக்கத்துக்குப் பொருத்தமாகவே அமைந்திருந்தது.

மதிப்பெண்ணோடு வயதும் சேர்ந்தது. 1855இல் இருபத்துமூன்றாக இருந்த உச்ச வயது படிப்படியாகக் குறைந்து 1878இல் பத்தொன்பதாயிற்று. பத்தொன்பது வயதுக்குள் கடல் கடந்து லண்டன் சென்று, அங்குப் பெருகியிருந்த பயிற்சிக் கூடங்களில் கட்டணம் செலுத்திப் படித்துத் தேர்வெழுத எத்தனை இந்தியக் குடும்பங்களால் இயலும்? 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார்; 1869இல் ரொமேஷ் சந்திர தத், சுரேந்திரநாத் பானர்ஜி உள்ளிட்ட நால்வர் தேறினர். அவர்கள் அறிவாற்றலில் எவருக்கும் ஐயமில்லை. அவ்வறிவாற்றலைத் தேர்வுக் கூடம் வரை கொண்டு சேர்த்ததில் கப்பல் கட்டணம் செலுத்த முடிந்த குடும்பங்களுக்கும் பங்குண்டு. வயது வரம்புக் குறைப்பை எதிர்த்துப் பானர்ஜி நாடெங்கும் பயணம் செய்து திரட்டிய கருத்து, இந்திய அளவிலான அரசியலின் தொடக்கப் படிகளில் ஒன்றாயிற்று. இந்தியாவிலும் தேர்வு நடத்தப்பட வேண்டும் என்ற கோரிக்கை 1922இல்தான் நிறைவேறியது. எல்லோருக்கும் ஒரே தேர்வு என்ற சமத்துவம், அத்தேர்வுக்கு முந்தைய பத்தாண்டுகளைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை அன்றைய இந்தியர் நன்கு உணர்ந்திருந்தனர்.

கட்டாயக் கிரேக்கம் இறுதியில் விவாதத்தில் தோற்கவில்லை, போரில் தோற்றது. முதல் உலகப் போர் அறிவியலின் தேவையை உணர்த்தியது. போரிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்குத் தளர்வு தர வேண்டியிருந்தது. நிதி நெருக்கடியில் இரு பல்கலைக்கழகங்களும் அரசின் உதவியை நாட வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் 1919இலும் ஆக்ஸ்ஃபோர்டு 1920இலும் கிரேக்கக் கட்டாயத்தைக் கைவிட்டன. அதே 1920இல் ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் அதற்கு 1948 வரை காத்திருந்தது. லத்தீன் கட்டாயம் 1960 வரை தொடர்ந்தது.

வாயில் நீங்கியதும் தனியார் பள்ளிகளின் முதன்மை நீங்கியதா? பாதி நீங்கியது. 1944இன் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. 1962இன் சட்டம் பல்கலைக்கழக மாணவர்க்கு உள்ளாட்சி உதவித்தொகையைக் கட்டாயமாக்கியது. அரசு இலக்கணப் பள்ளிகளிலிருந்து வந்த மாணவர் தொகை உயர்ந்தது. ஆனால் கிரேக்கம் விட்டுச்சென்ற இடத்தில் வேறு நுண்ணிய தடைகள் வளர்ந்தன. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த பின்னும் ஒரு பருவம் பள்ளியிலேயே தங்கி எழுத வேண்டிய தனி நுழைவுத் தேர்வு அவற்றுள் ஒன்று. அந்தக் கூடுதல் பருவத்துக்கு ஆசிரியர்களை ஒதுக்க வசதியான பள்ளிகளால் முடிந்தது; பிறவற்றால் பெரும்பாலும் முடியவில்லை. 1980களின் நடுப்பகுதியில் அம்முறை ஒழிந்தது. 1970களில் அரசின் நேரடி மானியம் நிறுத்தப்பட்டபோது, அதுவரை ஏழை மாணவர்க்கு இலவச இடம் தந்த பள்ளிகளில் பெரும்பாலானவை முழுத் தனியார் பள்ளிகளாயின. மான்செஸ்டர் இலக்கணப் பள்ளி அவற்றுள் புகழ்பெற்றது. ஒரு கதவு திறந்தபோது இன்னொன்று சாத்திக்கொண்டது.

இன்று பிரிட்டனில் தனியார் பள்ளிகளில் பயில்வோர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். ஆக்ஸ்ஃபோர்டில் இடம்பெறும் பிரிட்டன் மாணவருள் அவர்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர். சட்டன் டிரஸ்ட் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 2015 முதல் 2017 வரையிலான மூன்றாண்டுச் சேர்க்கையை அலசியது. எட்டுப் பள்ளிகள் மட்டும் இரு பல்கலைக்கழகங்களுக்கும் 1,310 மாணவரை அனுப்பின; அனுப்பிய எண்ணிக்கையில் கடைநிலையில் இருந்த 2,894 பள்ளிகளும் கல்லூரிகளும் சேர்ந்து 1,220 பேரையே அனுப்பின. அந்த எட்டில் ஆறு தனியார் பள்ளிகள். ஈட்டன் அவற்றுள் ஒன்று. இப்போது எவரும் கிரேக்கம் கேட்பதில்லை. ஆசிரியரோடு தயக்கமின்றி விவாதிக்கும் பேச்சு, பாடநூலுக்கு அப்பால் படித்த தடம், எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிப்பது என்ற தெளிவு ஆகியவை நேர்காணலிலும் விண்ணப்பத்திலும் பேசுகின்றன. இவையும் கற்றுத்தரப்படுபவையே. கிரேக்கத்துக்காவது அச்சிட்ட இலக்கண நூல் இருந்தது. ஏழை இளைஞன் இரவல் வாங்கியேனும் படிக்கலாம். இவற்றுக்கு அத்தகைய நூலும் இல்லை.

‘மெரிட்டாக்ரஸி’ என்ற சொல்லை மைக்கேல் யங் 1958இல் தம் நூலின் தலைப்பாக்கியது எச்சரிக்கையாகவே; அது எள்ளல் நூல். சொல் பரவியது, எள்ளல் உதிர்ந்தது. இலட்சியப் பெயராகவே அது வழக்கில் நிலைத்துவிட்டது. சொற்பொருள் மாற்றத்தைப் பயில்வோர்க்கு ‘இலக்கணப் பள்ளி’, ‘பப்ளிக் ஸ்கூல்’, ‘மெரிட்டாக்ரஸி’ ஆகிய மூன்றும் ஒரே வரலாற்றின் மூன்று அடையாளங்கள். மூன்றிலும் சொல் ஒரு பக்கமும் உடைமை மறுபக்கமும் நகர்ந்துள்ளன.

தேர்வே வேண்டாம் என்று இவ்வரலாறு சொல்லவில்லை. தேர்வுக்கு முன்பிருந்தது உறவுமுறையும் பரிந்துரையும் சமயச் சோதனையும். அவற்றுக்குத் திரும்ப எவரும் விரும்பார். தேர்வு எதை அளக்கிறது, அளக்கப்படுவது எங்கே என்ன விலைக்குக் கிடைக்கிறது என்ற இரு கேள்விகளை ஒருங்கே கேட்க வேண்டும் என்பதையே அது சொல்கிறது. முதற் கேள்வியை மட்டும் கேட்ட சீர்திருத்தவாதிகள் நேர்மையானவர்கள், ஊழலை ஒழித்தவர்கள். ஆயினும் அவர்கள் கையாலேயே வறியோரின் எழுபது இடங்கள் வசதியுள்ளோரிடம் சென்று சேர்ந்தன. எந்த நாட்டில் எந்தப் பாடத்தில் புதிய நுழைவுத் தேர்வு வகுக்கப்பட்டாலும், வகுப்போர் மேசையில் பாடத்திட்டத்தோடு அப்பாடத்தைக் கற்பிக்கும் பள்ளிகளின் பட்டியலும் அவற்றின் கட்டண விவரமும் இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆணையங்கள் முன்னதைப் படித்தன. பின்னதைப் படிக்க மறந்தன.